மாமனாரைப் பொய்யர் என்று சொன்ன நாள்

முப்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பின்புறம் நான்கு வீடுகளுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அந்த வீட்டில் நான், என் கணவர், ஒன்றரை வயது மகள், மாமனார் என்று நான்கு பேர். மாமியார் நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள் நான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவள். படிப்பைவிட வாய் அதிகம். என்னைக் கட்டிக்கொள்பவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்தவேண்டும் என்று என் அம்மாவே சொல்வார். அப்படிப்பட்டவள் இந்த வீட்டுக்கு வந்து பெட்டிப் பாம்பாக அடங்கிப் போனேன் என்றால், அதற்குக் காரணம் என் மாமனார்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. அதட்டிக்கூடப் பேசமாட்டார். ரயில் பாதை வேலையில் மண்டோராக, அதாவது ஒரு கூட்டம் ஆட்களுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதிலும் முதுகு வளையாது. முகம் மட்டும் எப்போதும் வேலை மேற்பார்வை செய்கிற முகம். அந்த நாளில் மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் நின்று பேசுவது கிடையாது. அவர் கூடத்தில் இருந்தால் நான் சமையல்கட்டில். நான் கூடத்துக்கு வந்தால் அவர் செருமிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் குழந்தையிடம் சொல்லவேண்டும்.

"பாப்பா, காப்பியில சீனி கம்மின்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லு."

"சீனி தீந்துபோச்சு, அப்பா வந்தாத்தான் வாங்கணும்னு தாத்தாகிட்டச் சொல்லு பாப்பா."

பாப்பா நடுவில் உட்கார்ந்து கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அப்போது தெரிந்த வார்த்தைகள் மொத்தம் ஐந்தோ ஆறோ. அவள் பிறப்பதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சுவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தோம். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு அதுதான் மரியாதை.

மாமனாருடைய துணிகளை நான்தான் துவைப்பேன், ஒன்றே ஒன்றைத் தவிர. அதை அவரே விடியற்காலையில் எழுந்து துவைத்து, குழாயடிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத மாதிரி காயப்போடுவார். நான் வந்த முதல் வருடத்திலேயே அதைப் பார்த்துவிட்டேன். பாதையில் வேலை நடக்கும்போது ரயிலை நிறுத்துவதற்குக் காட்டுவார்களே, அந்தச் சிவப்புக் கொடித் துணி. அதை இறுக்கிச் சுருட்டி, முட்டை அளவுக்கு உருண்டையாகத் தைத்து, இரண்டு பக்கமும் நீளமாக நாடா வைத்திருந்தார். இடுப்பைச் சுற்றி அடிவயிற்றில் கட்டிக்கொள்கிற மாதிரி.

ஒரு நாள் மழை கொட்டியது. நனையாமல் இருக்கட்டுமே என்று அதையும் எடுத்து மடித்து அவருடைய டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தேன். மறுநாளிலிருந்து அது காயும் இடம் மாறிவிட்டது. எங்கே என்று நானும் தேடவில்லை. கிள்ளானுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "கொடல் எறக்கமா இருக்கும். பாரம் தூக்குன ஆம்பளைங்களுக்கு வரும். அதெல்லாம் நீ கண்டுக்காத" என்றார். நானும் கண்டுகொள்ளவில்லை. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கே தெரியாத ஒன்றை, அவருடைய அப்பாவின் உடம்பைப் பற்றி, நான் எந்த வாயால் சொல்வது?

இப்படி மூன்று வருடம் போயிற்று.

அந்த வாரம் என் கணவர் வேலைக்குக் கிம்மாஸ் போயிருந்தார். கூட்ஸ் வண்டியில் கார்டு. மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவார். காலையில் மாமனாருக்கு வைத்த காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது. எட்டிப் பார்த்தால் கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, தாத்தாவுக்கு என்ன பண்ணுதுன்னு கேளு."

"ஒண்ணுமில்ல, வாயுன்னு சொல்லு பாப்பா."

பத்து மணிக்கு வாந்தி எடுத்தார். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டது அப்படியே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவர் ஆள் அனுப்பி டிரஸ்ஸரை வரவழைத்தார். டாக்டருக்கு அடுத்தபடி எங்களைப் போன்றவர்களுக்கு மருந்து கொடுப்பவர் டிரஸ்ஸர்தான். தமிழர், நல்ல மனிதர், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பவர். அவர் மாமனாருடைய நாக்கைப் பார்த்தார், கையைப் பிடித்து நாடி பார்த்தார், வேட்டிக்கு மேலாக வயிற்றை இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்தார். வேட்டியை அவிழ்க்கச் சொல்லவில்லை. பெரியவர், மண்டோராக இருந்தவர், கதவுக்குப் பின்னால் பெண்கள் நிற்கிறோம். எப்படிச் சொல்வார்?

"காச்சல் இல்ல. வயிறும் மெத்துனுதான் இருக்கு. வயசாச்சில்ல, செரிக்கல. வெளக்கெண்ணெய் குடுங்க. கழிஞ்சுட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்தச் சிவப்புத் துணி ஞாபகம் வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. ஆனால் அந்நிய ஆம்பளையிடம், பக்கத்து வீட்டு அக்காவையும் வைத்துக்கொண்டு, மாமனாருடைய அடிவயிற்றைப் பற்றி ஒரு மருமகள் பேசுவதா? நாளைக்குக் குழாயடியில் என்ன பேச்சு ஓடும்? நான் வாயை மூடிக்கொண்டேன். வாயாடி என்று பெயர் வாங்கியவளுக்குத் தேவையான நேரத்தில் வாய் இல்லாமல் போயிற்று.

விளக்கெண்ணெயைச் சுடவைத்து, காப்பியில் கலந்து, நானே என் கையால் டம்ளரை நீட்டினேன். அவர் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். இன்றைக்கும் அந்த டம்ளரை நினைத்தால் என் கை கூசுகிறது.

கழியவில்லை. அன்று முழுவதும் ஒன்றும் வெளியே போகவில்லை. வாந்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால் வயிறு உப்பியிருந்தது. பச்சையாக வந்த வாந்தி, பழுப்பாக மாறி, சொல்லக் கூசுகிற நாற்றம் அடித்தது. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. நாக்கு வறண்டு மரப்பட்டை மாதிரி இருந்தது. அப்போதும் காய்ச்சல் கிடையாது. அப்போதும் அவர் "ஐயோ" என்று ஒரு சத்தம் போடவில்லை. டிரஸ்ஸருக்கு மறுபடி ஆள் அனுப்பினால், மத்தியானம் வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"வயசானவங்களுக்கு இப்பிடித்தான் வரும், போகும் லா. பதறாத" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். வேட்டிக்குள் கையை விட்டு, அடிவயிற்றின் வலப் பக்கத்தில் எதையோ உள்ளே தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். என் காலடிச் சத்தம் கேட்டதும் சுடுபட்டவர் மாதிரி கையை உருவிக்கொண்டார். எத்தனையோ வருடமாக அவர் சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே போய்க்கொண்டிருந்த ஒன்று இன்றைக்குப் போக மறுக்கிறது என்பது புரிய எனக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை.

"பாப்பா, தாத்தாவ ஆஸ்பத்திரிக்குக் கௌம்பச் சொல்லு."

"வேணாம்னு சொல்லு பாப்பா."

"வேணுமா வேணாமான்னு கேக்கல, கௌம்பத்தான் சொன்னேன்னு சொல்லு."

குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு இரண்டு ரிக்‌ஷாக்களைக் கூப்பிட்டேன். ஒன்றில் அவர், பின்னால் ஒன்றில் நான். முன்னால் போன சீனர் பள்ளம் மேடு பார்த்து மெதுவாகத்தான் இழுத்தார். ஆனாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாமனாருடைய தலை முன்னால் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியும், நான்கு நாள் தூங்காதது போன்ற முகமுமாக இருந்தார். மாமனாரை உயரமான கட்டிலில் படுக்கவைத்து வயிற்றைத் தட்டினார், குழாயைக் காதில் மாட்டி வைத்துக் கேட்டார். பிறகு, "வேட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்கோ ஐயா" என்றார்.

மாமனார் வேட்டி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஒண்ணுமில்லீங்க."

"ஒருக்காப் பார்த்தாத்தானே தெரியும்? எங்கயாவது கட்டி, வீக்கம் இருக்கோ? முந்தி எப்பவாவது இருந்ததோ?"

"எப்பவும் இருந்ததில்லீங்க."

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். வெளியே இன்னும் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். வயதானவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சீட்டில் ஏதோ எழுதப் போனார். பேனா காகிதத்தில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"அவரு பொய் சொல்றாரு டாக்டர்."

அது என் குரல்தான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று வருடமாகத் தலை நிமிர்ந்து பார்க்காத மாமனாரை, நாலு பேர் கேட்க, பொய்யர் என்று சொல்லிவிட்டேன். டாக்டருடைய பேனா நின்றது. உதவிக்கு நின்ற ஆள் வாயைப் பிளந்தார். மாமனார் மட்டும் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார்.

ஆரம்பித்தாயிற்று. இனி நிறுத்த முடியாது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். சிவப்புத் துணியைச் சொன்னேன். அது மூன்று வருடமாக எனக்குத் தெரியும் என்பதைச் சொன்னேன். அன்று காலையில் அவர் கையால் தள்ளிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். முதல் நாள் நான் கொடுத்த விளக்கெண்ணெயையும் சொன்னேன். சொல்லச் சொல்லக் காது இரண்டும் எரிந்தன.

டாக்டர் வேகமாக எழுந்து வந்து துணித் தட்டியை இழுத்து மறைத்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தட்டியை விலக்கிக்கொண்டு வந்த அவர் முகத்தில் தூக்கக் கலக்கம் போன இடம் தெரியவில்லை.

"குடல் இறங்கி, இறங்கின வாசலிலயே இறுகிப் போச்சுது. எலுமிச்சங்காய் அளவு. கல்லு மாதிரி இருக்கு, மேல் தோலும் சிவந்துட்டுது. இனித் தள்ள ஏலாது, தள்ளவும் கூடாது. உடனே வெட்டவேணும்."

பிறகு அவர் எனக்குப் பொறுமையாக ஒன்று சொன்னார். இளவட்டமாக இருந்தால் இந்த வலிக்குக் கத்தி ஊரைக் கூட்டியிருப்பானாம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் ஏறாது, வயிறு கல்லாகாது, வலியும் பாதிதான் வெளியே தெரியும். உள்ளே வீடு எரிந்தாலும் வெளியே புகை வராதாம். அதனால்தான் பார்க்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள் என்றார். விளக்கெண்ணெய்? அடைத்துக்கொண்ட குழாயில் மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்ட கதை என்றார். என்னைக் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை.

மாமனார் ஆபரேஷனுக்கு ஒப்பவில்லை.

"வெட்ட விடமாட்டேன். எழுவது வயசாச்சு. போறதா இருந்தா முழுசாப் போயிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் என்னிடம், "பிள்ளை, நேரம் போகுது. நீங்கள் சொன்னால் கேட்பாரோ?" என்றார்.

நான் சொன்னால்! நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது? குழந்தை பக்கத்து வீட்டில். கணவர் எங்கோ ரயிலில். இடையில் நிறுத்திப் பேச ஓர் ஆள் இல்லை. நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அத்தனை அருகில் அவர் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். மோவாயில் ஒரு பழைய வெட்டுக்காயம் இருந்தது. மூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்து எனக்கு அது தெரியாது.

"மாமா" என்றேன். அவர் திரும்பவில்லை.

"மாமா, மூணு வருஷமா எனக்குத் தெரியும். மழையில நனையுதுன்னு எடுத்து மடிச்சு வச்சவ நாந்தான். அதுனால ஒங்க மேல எனக்கு மரியாத கொறஞ்சுதா? ஒரு நாளாச்சும் கொறஞ்சதப் பாத்தீங்களா?"

நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"நேத்தே நான் டிரஸ்ஸர்கிட்டச் சொல்லியிருக்கணும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு, என் கையாலேயே வெளக்கெண்ணெயக் குடுத்தேன். இப்ப நீங்க பாட்டுக்குப் போயிட்டா, நான் அந்த வீட்ல எப்பிடி மாமா சோறு திம்பேன்? ஒங்க மகன் மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, மாமனார் எதிரில் என்றும் பார்க்கவில்லை.

மெதுவாகத் தலையைத் திருப்பி அவர் என்னைப் பார்த்தார்.

"அழுவாதம்மா" என்றார். அப்புறம் டாக்டர் பக்கம் பார்த்து, "எங்கங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

படுத்தபடியே, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். வயதை உத்தேசித்து மயக்க மருந்து வேண்டாம் என்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்து, ஒரு வெள்ளைக்கார துரை ஆபரேஷன் செய்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி எதிரில் ஒரு சீனக் கோயில் மாதிரி தெரிந்தது, அதையும் விடவில்லை. பிற்பாடு பார்த்தால் அது யாரோ பணக்காரர் வீட்டு வாசல்.

சாயங்காலம் என் கணவர் வேலை உடுப்போடு ஓடி வந்தார். டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார்: ஒரு சாண் குடல் கறுத்துப் போய்விட்டது, அதை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறது, இந்த வயதில் பிழைப்பது பாதிக்குப் பாதி, நான்கு நாள் தாண்ட வேண்டும். என் கணவர், "நேத்தே கொண்டுவந்திருந்தா?" என்று கேட்டார். டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நேற்றென்றால் குடலை வெட்டவேண்டி வந்திராது. உள்ளே விட்டுத் தைச்சிருக்கலாம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்கு அன்று அவர் மேல் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அவர் சொன்னதே சரி.

அன்றிரவு என் கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கே தெரியலியே. நான் மகன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நான்கு நாளும் மாமனார் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைக்கலாம், அவ்வளவுதான். தொடையில் தடித்த ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டர் தினமும் காலையில் வந்து கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "காற்றுப் போச்சுதோ ஐயா?" தைத்த குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளமாம். அது நடந்தால் ஆள் பிழைத்தார். நடக்காவிட்டால் மறுபடி வயிறு உப்பும், அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மாமனார் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் கேட்கும்போது நான் வெளியே போய் நிற்பேன். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை என்று டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தபோது என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். அன்று நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான்காம் நாள் காலை நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தடுத்தார். ஏதோ சொல்ல வந்தார். தொண்டையைச் செருமினார். வாசலைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, முப்பது ஆளை வேலை வாங்கிய அந்தக் குரலில் சொன்னார்:

"போயிருச்சும்மா."

எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, இரண்டும்தான். "போயிருச்சா மாமா? நெசமாவா?" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். "ரெண்டு தடவ" என்றார், ஒரு விரலுக்கு இரண்டு விரலாகக் காட்டி. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் விஷயம் தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார். நான் செருப்பில்லாமல் தாழ்வாரத்தில் ஓடிப்போய் டாக்டரைப் பிடித்து, போன வாரம் வரைக்கும் எந்த ஆண்பிள்ளை எதிரிலும் சொல்லியிருக்க முடியாத அந்தச் செய்தியை மூச்சு வாங்கச் சொன்னேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இன்னும் ஒரு வாரம் கழித்து, கஞ்சி குடிக்க அனுமதி கிடைத்தபின், ஒரு மத்தியானம் நான் ஊட்டிக்கொண்டிருந்தேன். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இத்தன வருஷம் ஏன் மாமா மறச்சீங்க? வெக்கமா இருந்தா மகன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

அவர் கஞ்சியை விழுங்கினார்.

"வெக்கம் என்னம்மா வெக்கம்" என்றார். "தண்டவாளத்துக்கு அடியில போடற சிலிப்பர் கட்ட தூக்கறப்ப எறங்குனது. பத்து வருஷம் ஆச்சு. டிரஸ்ஸருக்குத் தெரிஞ்சா ஒடம்புக்கு ஆகாதுன்னு எழுதிருவான், வேலை போயிரும். அதான் கட்டிக்கிட்டே ஓட்டுனேன். அப்புறம் இந்த ரப்பர் வெல விழுந்துச்சு, எங்கயும் வேலை இல்ல. வேலைக்கு ஆகாதவன், வயசானவன், எல்லாரையும் போர்ட் சுவெட்டன்ஹாம் தொறமுகத்துக்குக் கொண்டுபோயி இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துனானுங்க. என்கூட வேலை செஞ்சவனுங்க எத்தன பேரு! நானே போயி வழியனுப்பிட்டு வந்தேன். ஊர்ல எனக்கு யாரும்மா இருக்கா? ஒருத்தரும் இல்ல."

"அதுக்கு? நீங்க வேலைய விட்டுத்தான் நாலு வருஷம் ஆச்சே. இப்ப யாரு ஒங்கள அனுப்பப்போறா?"

அவர் என்னைப் பார்க்காமல் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்கதான்."

நான் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன்.

"நோயாளி ஆயிட்டேன்னு தெரிஞ்சா, புள்ளகுட்டியோட கஷ்டப்படற எடத்துல, எவ்வளவு நாளுதான் வச்சுக்குவீங்க? ஒனக்குத் தெரிஞ்சா மகனுக்குத் தெரியும். கப்பல் டிக்கட் எடுத்துருவீங்கன்னு நெனச்சேன். நீயும் மூஞ்சி குடுத்துப் பேசினதில்ல. ஒன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் அடுத்த கரண்டிக் கஞ்சியை அவர் வாயில் வைத்தேன். கொஞ்சம் மோவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தேன். "டிக்கட்டாம் டிக்கட்டு! வாயத் தொறங்க" என்று அதட்டினேன். அவர் சிரித்தபடி வாயைத் திறந்தார்.

அதன்பிறகு அவர் ஏழு வருடம் எங்களோடு இருந்தார். தினமும் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, தூங்கினாரா, பசித்ததா, வயிறு எப்படி என்று எனக்கு ஒப்பித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். நானும் பதிலுக்கு என் தலைவலி கால்வலி எல்லாவற்றையும் கொட்டுவேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது பெரிய அதிசயம்.

இப்போது எனக்கே அவருடைய வயது ஆகிவிட்டது. அவர் உயிரைக் காப்பாற்றியவள் என்று என் பிள்ளைகள் என்னைச் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். மூன்று வருடம் மரியாதை என்று நினைத்து நான் காத்த மௌனத்துக்குள், என் கையால் சாப்பிட்டுக்கொண்டே, என்னைக் கண்டு பயந்து ஒரு மனிதர் குடியிருந்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.